நூற்று எண்பதாம் பக்கம்

மழைக்குப் பயந்து ஓடிவந்தவள் நேராக அவன் மேல்தான் மோதினாள். கையிலிருந்த காகிதங்கள் லிஃப்ட் வாசல் முழுக்கச் சிதறின...

"பார்த்து வரக்கூடாதா?"

"நான் சும்மா நின்னுக்கிட்டுதாங்க இருந்தேன்," என்றான், குனிந்து பொறுக்கியபடியே.

சிரிக்கிற கண்கள். அதையெல்லாம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. பார்த்துவிட்டாள் என்பது வேறு விஷயம். இன்னும் கால் மணி நேரத்தில் மூன்றாம் மாடியில் இலக்கிய முகவரிடம் தன் சஸ்பென்ஸ் நாவலைச் சொல்ல வேண்டும். அவர் மனது வைத்தால்தான் பதிப்பகத்துக்குப் போகும். இந்த முறையும் இல்லையென்றால் எழுத்துக்கு முழுக்குப் போடுவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

அவன் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தான். "கொலை செஞ்சது யாருன்னு இதுல இல்லையே?"

"அதுதாங்க சஸ்பென்ஸ்."

"அத வாசகருக்கு வைங்க. முகவர்கிட்ட முடிவ முதல்லயே சொல்லிடணும்." பென்சிலால் ஓரத்தில் குறித்தும் கொடுத்தான்.

அந்தச் சாய்ந்த கையெழுத்து... போன வருடம் திரும்பி வந்த அவள் நாவலின் ஓரமெல்லாம் இருந்தது. 'பன்னிரண்டாம் பக்கத்திலேயே கொலையாளி தெரிந்துவிடுகிறார்' என்று எழுதி மூன்று நாள் அழவைத்த அதே எழுத்து.

"என் நாவல வேண்டாம்னது நீங்கதானா?"

அவன் முகம் வாடியது. "முகவர் ஆபீஸ்ல முதல்ல படிக்கிறவன் நான்தாங்க."

"உங்க உதவியே வேண்டாம்." காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டு படியேறினாள்.

மேலே, "கொன்னது யாரும்மா?" என்றார் முகவர் அம்மையார். "கடைசியில தெரியும் மேடம்," என்று இரண்டு முறை மழுப்பினாள். அவர் பார்வை கடிகாரத்துக்குப் போனது. ரோஷமா, நாவலா... ரோஷத்தை விழுங்கினாள்.

"அக்காவக் காணோம்னு புகார் குடுத்த தங்கச்சிதான் மேடம். எதுக்குன்னா..."

அவளுக்கு ஒதுக்கியிருந்த பத்து நிமிடம் அரை மணியானது.

"முழுசா அனுப்பும்மா. இவங்கள விட்டுடாதீங்கன்னு எங்க ஆபீஸ் தம்பி ஒரு வருஷமா நச்சரிக்கிறான். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்."

படியிறங்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது. கீழே அவன், அவள் தவறவிட்ட ஒரு பக்கத்தை மின்விசிறிக்கடியில் பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். பழைய நாவலின் நூற்று எண்பதாம் பக்கம். நனைந்தும் பென்சில் எழுத்து அழியவில்லை: 'இங்கே அழுதுவிட்டேன்.'

"அனுப்பச் சொல்லிட்டாங்க," என்றாள். "ரொம்ப நன்றிங்க. உங்களத் திட்டித் திட்டியேதான் திரும்ப எழுதினேன்... நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் சரியா இருந்துச்சு."

"அப்போ இந்தப் பக்கத்த ஏன் கூடவே வச்சிருக்கீங்க?"

"அது... போகப் போகத் தெரியும்."

அவன் கண்கள் சிரித்தன.

"சரி, முடிவ முதல்லயே சொல்லிடறேன்." அவள் தரையைப் பார்த்தாள். "இத எழுதினது யாருன்னே தெரியாம ஒரு வருஷமாப் பிடிச்சிருந்துச்சு. ஆளப் பார்த்தாச்சு... இப்பவும் பிடிச்சிருக்கு."

வெளியே மழை வலுத்தது. அவன் காய்ந்த பக்கத்தைப் பத்திரமாக மடித்தான்.

"எனக்கும்தாங்க... இந்தப் பக்கம் எங்கிட்ட இருக்கட்டுமா?"

"வேண்டாங்க," என்றாள். "நம்மகிட்ட இருக்கட்டும்."