அலமாரியின் உள்பக்கம்

காலை ஏழு மணிக்கே நாத்தனார் வந்து நின்றாள், கையில் ஃபிளாஸ்க்கோடு. பதினோரு வருஷமாக அப்படித்தான். பிறந்த வீட்டுக்கு வருவாள், உட்காருவாள், பேசுவாள். ஆனால் அண்ணி கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். எவ்வளவு வைராக்கியம் பாருங்கள்!

இன்று வந்தது செத்துப்போன அம்மாவின் மர அலமாரிக்காக. தன் வீட்டில் டீத்தூளும் கோப்பைகளும் வைக்க வேண்டுமாம். அம்மாவும் அதில் அதைத்தான் வைத்திருந்தாள். புதுப்பித்துத் தருகிறேன் என்று அண்ணியே சொல்லி, மூன்று நாளாகப் பழைய வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் புண். வெளிப்பக்கம் புது மரமாக வெளுத்துவிட்டது. உள்பக்கத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

நாத்தனார் கதவைத் திறந்து பார்த்ததும் முகம் கடுத்தது.

"வெளியில பூசி மெழுகுறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல அண்ணி. உள்ளதான்..."

அண்ணி இதற்கெல்லாம் பழகிப்போனவள். உள்ளே வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் கெஞ்சினாள். ஜன்னலோரம் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணனும் அதையே முணுமுணுத்தான்.

கேட்பாளா அவள்? உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டு, தலையை உள்ளே விட்டு மேல்தட்டைத் தேய்த்தாள். வார்னிஷ் உதிர்ந்து மரம் தெரிந்ததும் குப்பென்று ஒரு வாடை. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, மருமகள் கொடுத்த டீயை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று வீடே அதிரக் கத்தினாள். மிச்சத்தை வாயில் வைத்துப் பார்த்தவள் இந்த மகள்தான். இதே வாடை. அதன்பிறகு மருமகள் கையால் அம்மா எதையும் வாங்கவில்லை. கடைசி நாளில்கூட, அவள் நீட்டிய தண்ணீருக்கு வாயை இறுக மூடிக்கொண்டாள் மனுஷி.

"இதுக்குள்ள என்ன பூசியிருக்கு?"

அண்ணன் பேப்பரை மடித்தான். இனி ஒளிய இடமில்லை. பூச்சி அரிக்கிறது என்று அம்மா புலம்பியதால் மருந்து எண்ணெய் வாங்கிப் பூசினானாம். பத்து நாள் கதவைத் திறந்துபோட்டுக் காயவிடச் சொன்னான் கடைக்காரன். இவனுக்கு ஏது பொறுமை? மறுநாளே மேலே வார்னிஷ் அடித்து, டீத்தூளையும் உள்ளே வைத்துவிட்டான். டீத்தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று அந்த மகானுக்குத் தெரியவில்லை. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம் அது. இன்னொரு தப்பு பண்ணினால் வெளியே போய்விடு என்று அம்மா சொல்லியிருந்தாள். டீத்தூளை முகர்ந்து பார்த்து அண்ணி அன்றே கண்டுபிடித்து, அதைக் கொட்டிவிட்டாள். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளிடம் தவணை சொல்லிச் சொல்லியே அம்மா போகும்வரை கடத்திவிட்டான்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணி..."

"மருமக மேல சந்தேகம்னா அத்தை தாங்கிடுவாங்க. பெத்த பிள்ளைய வெளிய தள்ளிட்டு அவங்களால இருந்திருக்க முடியாது." அண்ணி மரத்தூளைக் கூட்டி அள்ளினாள். "அவரே சொல்லுவார்னு இருந்தேன். இருந்துட்டேன்."

நாத்தனார் எழுந்து போய் ஃபிளாஸ்க்கைத் தொட்டியில் கவிழ்த்தாள். டீ மொத்தமும் ஓடி முடிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அண்ணியின் புண்ணான விரல்களைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

"எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க அண்ணி."

அண்ணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மாவின் கோப்பைகளில் இரண்டைக் கழுவி, டீ போட்டு ஊற்றினாள். நாத்தனார் ஒரு வாய் குடித்தாள். அம்மா இதைக் குடித்திருக்கலாமே என்று தேம்பினாள்.

ஜன்னலோரத்திலிருந்து அண்ணன் வழக்கம்போலக் கையை நீட்டினான்.

"எனக்கு?"

அண்ணி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூள் அடுப்புப் பக்கத்துல இருக்கு. போட்டுக் குடிங்க."