கைருன்னிஸாவின் தாள்

கரைத்தீவில் கடல்நீர் தேங்கிய களப்பை ஒட்டி நிற்கும் பழைய உப்புக் களஞ்சியத்துக்குக் கைருன்னிஸாவை அழைத்துப்போனவள் அவளுடைய மதினி, கணவனின் அக்கா மைமூனா. பெண்கள் சங்கத்தார் சனிக்கிழமை காலைகளில் அங்கே சித்திர வகுப்பு வைத்திருந்தார்கள். அழகாகப் படம் கீறத் தேவையில்லை, மனதில் அடைத்துக் கிடப்பதைத் தாளில் இறக்கி வைத்தால் போதும் என்று டீச்சர் அமானி சொல்லியிருந்தாள்.

தன்னிடம் அப்படி எதுவும் அடைத்துக் கிடப்பதாகக் கைருன்னிஸாவுக்குத் தெரியவில்லை. அவளுடைய கணவன் முத்தலிபு மாம்புரிக் கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவையும் அவள் இருந்து முடித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆக்கினாள், தின்றாள், படுத்தாள். சூடான சட்டி விரலில் பட்டாலும் சற்றுக் கழித்துத்தான் கையை எடுத்தாள்.

"சும்மா வந்து இரு புள்ள. அது போதும்," என்றாள் மைமூனா.

"வாரன் மதினி."

களஞ்சியத்துச் சுவர்களில் இன்னும் உப்பு கசிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே களப்பு அசையாமல் கிடந்தது. சேற்று வாடை உள்ளே வந்து தங்கியிருந்தது. பெண்கள் குனிந்து கீறிக்கொண்டிருந்தார்கள். கைருன்னிஸா பென்சிலைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போனதோ, அமானி தாள்களைச் சேர்க்க வந்தாள்.

வெறுமையாக இருக்க வேண்டிய தாளில் ஒரு படம் இருந்தது.

அந்தக் களஞ்சியம்தான். களப்பின் நடுவில் நின்று பார்த்தால் தெரிவதுபோலத் தூரத்தில் சிறியதாக, ஜன்னலுக்குள் பொட்டுப் பொட்டாகத் தலைகளோடு. தாளின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது.

"முன்னமே கீறிப் பழக்கமா?" அமானி மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல டீச்சர்."

"அப்ப இவ்வளவு காலமும் இத உள்ளுக்கே வச்சிட்டு இருந்திருக்கீங்க."

மைமூனா முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைருன்னிஸா தன் விரல்களைப் பார்த்தாள். பென்சில் கரி துளியும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால், கதவைப் பூட்டியது நினைவில்லாமல் பூட்டிய கதவின் முன் நிற்பது அந்த நாட்களில் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இதையும் தானேதான் கீறியிருக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை படத்தில் ஜன்னல் கம்பிகள் இருந்தன. கம்பிகளுக்கு மிக அருகே முகத்தை வைத்து எட்டிப் பார்ப்பதுபோல.

அதற்கடுத்த முறை ஒரு கதிரையும் அதில் இருந்தவளின் முதுகும் மட்டுமே இருந்தன. முக்காட்டில் குத்திய ஊசிகூடத் தெரிந்தது. அது அவளுடைய முதுகு.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் மைமூனா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள். "என்ட தம்பிதான் புள்ள. வேற யாரு? ஒன்னப் பாக்க வாரான்." சொல்லிவிட்டு வாய்க்குள் ஓதத் தொடங்கினாள்.

கைருன்னிஸாவுக்குப் பயம் வரவில்லை. ஆனால் முதல் தடவையாக அவள் ஒரு சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். தேடி வந்தவனுக்குத் தானும் ஒன்று காட்ட வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கிழமை அவள் களப்பைப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்ததும் முத்தலிபுவின் முகத்தைக் கீறத் தொடங்கினாள்.

நெற்றி. மூக்கு. கன்னம்.

பின்னால் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொரு சொட்டு.

சேற்று வாடை முக்காட்டைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது. மற்றப் பெண்கள் தலை நிமிரவில்லை. கைருன்னிஸா திரும்பவில்லை. பென்சில் முனை முறிந்தது. பின்னாலிருந்து யாரோ வேறொரு பென்சிலை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டாள்.

அது ஈரமாக இருந்தது.

வாயைக் கீறும்போது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை மாதங்களாக வராதது தோளையும் நெஞ்சையும் குலுக்கிக்கொண்டு வந்தது. மைமூனா ஓடிவந்து அணைத்துக்கொண்டாள்.

"அழு புள்ள. நல்லா அழு."

பிறகு மைமூனா தாளைப் பார்த்தாள். அணைத்திருந்த கை நழுவியது.

"இது யாரு?"

அகன்ற நெற்றி. புருவமே இல்லை. தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. முத்தலிபு இல்லை. இருவருமே கண்டிராத ஓர் ஆண்.

"தெரியா மதினி," என்றாள் கைருன்னிஸா. "நான் அவரத்தான் கீறினன்."

அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது. இத்தனை கிழமையும் யாருக்காகக் காத்திருந்தாள்? கேள்வி வந்தது. அதோடு வர வேண்டிய பயம் வரவில்லை. பழைய மரத்த நிலை மீண்டும் வந்து அவளை மூடிக்கொண்டது.

அதன்பின் அவள் போகவில்லை. அமானியும் வகுப்பைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றி, களஞ்சியத்தைப் பூட்டிவிட்டாள்.

சில நாள் கழித்து, ளுஹர் தொழுகை முடிந்த நேரம், அமானி ஸ்கூட்டரில் வந்து கைருன்னிஸாவின் வாசலில் இறங்கினாள். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

"மிச்சச் சாமான் எடுக்கக் களஞ்சியத்தத் திறந்தன். ஒங்கட மேசையில இரிந்திச்சு. நான் விரிச்சுப் பாக்கல்ல."

கைருன்னிஸா வாசற்படியில் நின்றபடியே விரித்தாள்.

அது அவளுடைய வாசல். ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிறாள். எதிரே தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிய ஒருத்தி தாள் ஒன்றை நீட்டுகிறாள். வெளியே ஸ்கூட்டர்.

வீட்டுக்குள்ளே நின்று கீறிய படம்.

கைருன்னிஸா தாளை மடித்தாள். அமானி அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலாக, உள்ளே இருட்டாகத் தெரிந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஊட்டுல," அமானியின் குரல் தாழ்ந்தது, "வேற ஆளும் இரிக்காங்களா?"

கைருன்னிஸா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம் டீச்சர்," என்றாள்.