கயிற்றின் மறுமுனை

என் கணவன் நெலுவுக்கு நீச்சல் சுமார்தான். அதனால் என் இடுப்பையும் அவன் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு, விடியற்காலைப் பனிமூட்டத்தில் ருமேனியக் கரையிலிருந்து டான்யூப் ஆற்றில் இறங்கினோம். எல்லைக் காவலரிடம் பிடிபட்டால் சிறை, இல்லையென்றால் துப்பாக்கிக் குண்டு. குளிர் தாங்க உடம்பெல்லாம் பன்றிக் கொழுப்பு பூசியிருந்தோம்.

"அக்கரை போனதும் உன்னை அப்படியே பொரிச்சுடலாம்டி," என்றான். அவன் பற்கள் தந்தியடித்தன.

"வாயை மூடிக்கிட்டு காலை அடி," என்றேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

யுகோஸ்லாவியக் கரையில் என் கை கல்லைத் தொட்டது. இடிந்த கோட்டை. வடகரையிலிருந்து யாரும் வந்துவிடக் கூடாதென்று ரோமாபுரிச் சிப்பாய்கள் கட்டியது; ஆளுயரச் சுவர்தான் மிச்சம். தப்பித்துவிட்டோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நெலு பத்தடி பின்னால், மூட்டத்துக்குள் இருந்தான். கயிறு மட்டும் தெரிந்தது.

சுவர்மேல் செருப்புச் சத்தம். ஆணி அடித்த செருப்பு.

ஈரத் தோலும் புகையும் கலந்த நாற்றம்.

"எத்தனை பேரு?"

எங்கள் மொழி மாதிரிதான் இருந்தது, ஆனால் இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை. எல்லைக் காவலன் என்றே நினைத்தேன். நான் மாட்டினாலும் அவனாவது தப்பட்டும் என்று பொய் சொன்னேன்.

"நான் ஒருத்திதான்."

கயிறு தொய்ந்தது.

பைத்தியம் பிடித்தவள் போல இழுத்தேன். அவன் இடுப்பளவு வளையம் வந்தது. முடிச்சு அவிழவில்லை.

உள்ளே அவன் இல்லை.

என் அலறல் கேட்டு மீனவர் ராதிஷா வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"கோட்டைச் சிப்பாய் கேட்டானா? என்னம்மா சொன்ன?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! நீ சொல்ற அத்தனை பேரைத்தான் அவன் விடுவான். நாங்களே அக்கரையிலிருந்து வந்தா ஒரு ஆள் அதிகமாத்தான் சொல்லுவோம்!"

பிறகு ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தது, எல்லையும் திறந்தது. திறந்து எனக்கென்ன? பதினேழு வருடமாக இந்த ஊரிலேயே கிடக்கிறேன். மூட்டம் இறங்கும் காலையெல்லாம் ராதிஷாவின் படகை நடு ஆறுவரை தள்ளிக்கொண்டு போய், வடக்கேயிருந்து வருகிறவள் போலத் திரும்புவேன். கோட்டைச் சிப்பாய் கேட்பான். "ரெண்டு பேரு!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். யாரும் வந்ததில்லை.

இன்று காலை கேட்டது நெலுவின் குரல்.

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு! நெலு, நீயும் நானும்! வந்துடுடா!"

ஆணிச் செருப்பு என் தலைக்கு மேலே வந்து நின்றது.

"ஒருத்திதான்னு சொன்னியே, சபீனா."