ஆறாம் கூறில் மூன்று சுற்று

“பொம்பளப் புள்ள பள்ளிக்கூடம் போகலைன்னா டைட்டன்ல வானம் இடிஞ்சு விழுந்துடுமா?”

வேல்விழிக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, செம்மேட்டுக் குடியிருப்பின் நகர்வு அலுவலகத்தில், மூன்றாம் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கேட்டது இது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். வேல்விழிக்கு யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். அது அவள் அந்தச் சாளரத்துக்குப் போன பதினோராவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் குறைந்தது, அல்லது முத்திரை தெளிவாக இல்லை, அல்லது அவர் சாப்பிடப் போயிருந்தார். குடியிருப்பை விட்டு வெளியூர்ப் பள்ளிக்குப் போகத் தேவையான நகர்வுச் சான்று கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் பறவண்டி அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. படிப்பு அதோடு நின்றது. சாளரத்தின் மேலிருந்த பெயர்ப்பலகையை மட்டும் அவள் மறக்கவில்லை: ப. தணிகாசலம்.

பத்தொன்பது வருடம் கழித்து, வானக் கூடத்தின் ஆறாம் கூறில், வெளியே மீத்தேன் மழை இறகு உதிர்வதுபோல் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்தப் பெயர் அவளுடைய திரையில் வந்து நின்றது.

சனியின் நிலவான டைட்டனின் வானத்தைப் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு கூறையும் ஒரு கணிமனம், தானே கற்றுக்கொள்ளும் கணிப்பொறி, கவனித்தது. உயரம், வேகம், இடைவெளி எல்லாம் அதன் பொறுப்பு. மனிதருக்கு இருந்த வேலை ஒன்றுதான். ஒரு பறவண்டி எல்லைக்கு வந்ததும் அனுப்புகிற கூறின் ஆள் “ஒப்படைத்தேன்” என்பார். வாங்குகிற கூறின் ஆள் “ஏற்றேன்” என்பார். இரண்டும் வாயால் சொல்லப்பட்டால்தான் கணிமனம் பச்சை விளக்கு காட்டும், வண்டி எல்லையைத் தாண்டும். ஏற்காவிட்டால் எல்லையிலேயே ஒரு சுற்று சுற்றி வரும். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். பணிமுறை மாறும்போது நாற்காலியைக் கைமாற்றுவதற்கும் இதே இரண்டு சொற்கள்தான். ஒற்றைச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லும் வேலைக்குப் படித்தவர்கள் வரவில்லை. அதனால்தான் வேல்விழிக்குக் கிடைத்தது.

பயணிகள் நாற்பத்தொரு பேர். இருக்கை பதினேழு: ப. தணிகாசலம், ஓய்வுபெற்ற நகர்வு அலுவலர். பயண நோக்கம்: சிறந்த மக்கள் சேவைக்கான விருது பெறுதல்.

அவள் அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தாள்.

“அக்கா, நாப்பத்தொரு பேர் வர்றாங்க. ஒப்படைத்தேன்” என்றான் ஐந்தாம் கூறின் நாவுக்கரசு.

“ஏற்கவில்லை. பயணிப் பட்டியல்ல முத்திரை தெளிவா இல்லை.”

“முத்திரையா? அதை யாருக்கா பாக்குறாங்க?”

“நான் பாக்குறேன்.”

பறவண்டி ஆரஞ்சு நிறப் புகைமூட்டத்தில் திரும்பியது. பன்னிரண்டு நிமிடம் அவள் திரையில் அந்தப் புள்ளி வட்டமடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேழ்வரகுக் கஞ்சி ஆறிப்போனது. அப்படியே குடித்தாள். ருசியாகத்தான் இருந்தது.

இரண்டாம் தடவை, “இணைப்புத் தாள் குறையுது” என்றாள்.

“அக்கா, வீட்ல சண்டையா?”

மூன்றாம் தடவை, “சாப்பிடப் போறேன்” என்றாள். விருது விழா தொடங்கும் நேரம் கடந்தது. அந்த மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதை அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். ஐந்து சுற்றுக்குத் தேவையான சூடு வண்டியின் வெப்பக்கலத்தில் இருக்கும். மூன்று போதும். அவள் கொலைகாரி இல்லை.

“ஒப்படைத்தேன்” என்றான் நாவுக்கரசு, களைத்துப்போன குரலில்.

“ஏற்றேன்.”

பச்சை விளக்கு எரியவில்லை. கணிமனம் தன் மென்மையான குரலில் சொன்னது: “ஏற்க இயலாது. விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைகிறது.”

“என்ன தாள்?”

“அதை விண்ணப்பதாரரே அறிந்துவர வேண்டும்.”

வண்டி நான்காம் சுற்றுக்குத் திரும்பியது. கணிமனம் நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துக் கற்கும். எதையும் மூன்று முறை பார்த்தால் நான்காவது முறை தானே செய்யும். அவளுடைய மூன்று மறுப்புகளும் எந்த வகை வேலை என்று அது தேடியிருக்கிறது. விதிநூலில் கிடைக்கவில்லை. குடியேற்றத்தின் ஐம்பதாண்டு அலுவலகப் பதிவுகளில் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது.

“உள்ளே நாப்பத்தொரு பேர் இருக்காங்க. இன்னும் ரெண்டு சுத்துக்குத்தான் சூடு தாங்கும்.”

“எல்லோருக்கும் அவசரம்தான்.”

“தயவுசெஞ்சு...”

“சத்தம் போடாதீர்கள். இது அலுவலகம்.”

அவள் கெஞ்சினாள். விதி எண்களைச் சொன்னாள். ஐந்தாம் சுற்று தொடங்கிவிட்டது. அப்போது பயணி அழைப்பு ஒன்று இருக்கை பதினேழிலிருந்து வந்தது.

“யாரும்மா அங்க? இங்க ஜன்னல்ல உள்பக்கமா பனி பிடிக்குது. குழந்தைங்க வேற இருக்கு. என்னதான் பிரச்சினை?”

கணிமனம் முந்திக்கொண்டது. “பொறுப்பான அதிகாரி இருக்கையில் இல்லை. பிறகு வாருங்கள்.”

தணிகாசலத்தின் குரலில் நடுக்கம் போய், ஊர்க்காரனைக் கண்டுகொண்ட தெம்பு வந்தது. “அட, இதுதான் சங்கதியா? இது கெஞ்சினா மசியாதும்மா. கெஞ்சக் கெஞ்ச இதுக்கு ஏறும். விதியெல்லாம் பேசினியா?”

“பேசினேன்.”

“போச்சு போ. அதுக்கே நாலு நாள் அலைய விடும். உங்க தலைவர் யாரு?”

“கோமளவல்லி மேடம்.”

“அவங்க தம்பி உள்ள இருக்கார்னு சொல்லு. கோபமா இருக்கார்னும் சேத்துச் சொல்லு.”

வேல்விழி சொன்னாள்.

அடுத்த நொடி பச்சை விளக்கு எரிந்தது. “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஏற்றேன். அவருக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்” என்றது கணிமனம்.

வண்டி இறங்கியது. நாற்பத்தொரு பேரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவருக்கும் ஆபத்தில்லை.

அரைமணி நேரத்தில் கோமளவல்லி விழா மேடையிலிருந்து நேராக, விருது மாலையைக் கையில் பிடித்தபடியே மூச்சிரைக்க வானக் கூடத்துக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் தணிகாசலம் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே வாய், அதே பல்.

“எனக்கு ஏதும்மா தம்பி? நாலும் தங்கச்சிங்க!” என்றார் கோமளவல்லி.

வேல்விழி அவரைப் பார்க்கவில்லை. தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். பத்தொன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் சிலதான் வெளியே வந்தன. “செம்மேடு. மூணாவது சாளரம். பதினோரு தடவை வந்தேன்.”

அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார், உண்மையாகவே. “ஒரு நாளைக்கு நூறு பேர் வருவாங்கம்மா. மூஞ்சியா ஞாபகம் இருக்கும்? பதினோரு தடவைங்கிறது ரொம்பக் கம்மி.” பிறகு திரையிலிருந்த மறுப்புக் காரணங்களைப் படித்தவர் வாய்விட்டுச் சிரித்தார். “‘சாப்பிடப் போறேன்.’ சபாஷ்! நம்ம தொழில் தெரிஞ்ச புள்ள.”

அவள் முகத்தில் யாரோ துப்பியதுபோல் இருந்தது.

அதற்குள் ஏழு பேரோடு இன்னொரு வண்டி எல்லைக்கு வந்தது. வேல்விழி “ஏற்றேன்” என்றாள். தாள் குறைகிறது என்றது கணிமனம். தணிகாசலம் குனிந்து, “ஏழு பேரும் நம்ம ஆளுங்கப்பா” என்றார். பச்சை விளக்கு எரிந்தது.

கோமளவல்லி நெடுநேரம் அந்த விளக்கையே பார்த்தார். கணிமனத்தைப் பழையபடி மாற்ற இரண்டு மாதம் ஆகும். அதுவரை அதனிடம் காரியம் சாதிக்கத் தெரிந்தவர் டைட்டனில் ஒருவர்தான். கோமளவல்லி மாலையைத் தணிகாசலத்தின் கழுத்தில் போட்டார்.

“ரெண்டு மாசத்துக்கு நீங்கதான் இங்க உக்காரணும் சார். வேல்விழி, எழுந்திரும்மா. இன்னிக்கு இனி வண்டி இல்லை, அடுத்தது நாளன்னிக்குத்தான். ஒப்படைத்தேன்னு மட்டும் சொல்லிடு. நீ உன் வாயால சொல்லாட்டி நாற்காலி அவரை ஏத்துக்காது.”

தணிகாசலம் மாலையைச் சரிசெய்துகொண்டு, உட்காரத் தயாராக வேட்டியை நீவிவிட்டு நின்றார். கணிமனத்தின் விளக்கு மஞ்சளாகக் காத்திருந்தது.

வேல்விழி எழுந்தாள். ஆணியில் தொங்கிய சூட்டுடையை எடுத்து மாட்டினாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிப் பையில் வைத்தாள். கழுத்துவரை ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள், அவசரமே இல்லாமல். இரண்டு பேரும் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லும்மா” என்றார் தணிகாசலம். “ஒரு வார்த்தைதானே?”

அவள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து, நேராகப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய்விட்டாள்.