லைட் மங்கவில்லை

அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மெக்கானிக், படுக்கப்போட்ட டயர்மேல். பெயிண்டர், காலி எண்ணெய் டிரம்மில், ஒரு காலை மடித்து. டீச்சரின் கணவர், சுவரோரம், எப்போதோ ஒரு வேனிலிருந்து கழற்றிப்போட்ட நீள இருக்கையின் நுனியில், பெண் பார்க்க வந்தவரைப் போல. கயிறு கட்டி இழுத்து வந்த சாம்பல் நிறக் கார் நடுவில் நின்றது. அதன் ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் கேள்வி வரக்கூடாது.

வெளியே மழைக்கு முந்தைய இருட்டு. தகரக் கூரை அசையாமல் இருந்தது. எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடையில் மூச்சு கனத்தது.

"விக்கிறதுன்னா சொல்லுங்க சார்," என்றார் பெயிண்டர். "ரெண்டு கோட் அடிச்சா புது மாப்பிள்ளை மாதிரி ஆயிடும்."

"விக்க வரல தம்பி. ஒண்ணு தெரிஞ்சுக்கணும்."

அவர் மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார். பதினோரு வாரத்துக்கு முன்பு, காலை எட்டு மணி. அவர் கடைத்தெருவுக்கு நடந்து போயிருந்தார். வீட்டில் தனியாக இருந்த டீச்சருக்கு மூச்சுத்திணறல் வந்தது. இன்ஹேலரில் மருந்து தீர்ந்திருந்தது. ஆஸ்பத்திரி ஆறு நிமிடத் தூரம். காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருக்கிறார். வண்டி கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்போது உயிர் இல்லை, கை மட்டும் சாவியிலேயே இருந்திருக்கிறது. பட்டப்பகலில் முன்விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்திருக்கின்றன.

"முந்தின நாள் சாயங்காலம் கடைசியா ஓட்டினது நான். லைட்டை அணைச்சேனான்னு ஞாபகம் வரல. ராத்திரி பூரா எரிஞ்சு பேட்டரி இறங்கிடுச்சு, நீங்கதான் அம்மாவைன்னு ஆரம்பிச்சா என் பொண்ணு. பாதியில நிறுத்திட்டா. அதுக்கப்புறம் போனையே எடுக்கிறதில்ல. நீங்க பார்த்து ஒரு கடிதம் எழுதிக் குடுங்க தம்பி. பேட்டரியா, வேற எதாவதான்னு. நான்தான்னா நான்தான். தெரிஞ்சா போதும்."

மெக்கானிக் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அதற்கும் ஒரு மாதம் முன்னால் டீச்சர் இதே காரோடு வந்திருந்தார். சில நாள் கிளம்புகிறது, சில நாள் 'டக்' என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றார். பேட்டரி மாற்றவேண்டும் என்று இவன் சொன்னான். டீச்சர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "இல்ல தம்பி, லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பிப் பார்த்தேன். லைட் மங்கவே இல்ல. பேட்டரி இறங்கியிருந்தா மங்கணுமே? ஸ்டார்ட்டர்லதானே கோளாறு இருக்கணும்?"

சரியான கேள்வி. தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி. ஆனால் அப்போது பட்டறையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"டீச்சர், வகுப்புல நீங்க சொல்லுங்க, நாங்க கையைக் கட்டிட்டுக் கேக்கிறோம். இங்க நான் சொல்றேன், நீங்க கேளுங்க," என்றான். நாலு பேரும் சிரித்தார்கள். பெயிண்டர் பெஞ்சைத் தட்டியே சிரித்தார்.

புதுப் பேட்டரி போட்டான். சாவியைத் திருப்பினால், 'டக்.' யாரும் பார்க்காதபோது காருக்கடியில் கைவிட்டு ஸ்டார்ட்டரைச் சுத்தியல் பிடியால் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே மின்சாரம் கடத்தும் தேய்ந்த கரித்துண்டு மறுபடி ஒட்டிக்கொள்ள, வண்டி கிளம்பிவிட்டது. தட்டினால் சில நாள் ஓடும். பிறகு ஒருநாள் ஓடாது. இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அந்தத் தட்டை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பானெட்டைத் திறந்து பேட்டரியில் மீட்டரை வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு. பதினோரு வாரம் சும்மா கிடந்த பேட்டரி, காலையில்தான் சார்ஜ் ஏற்றியதுபோல் நிறைந்திருந்தது. லைட்டைப் போட்டுப் பார்க்கும் சோதனையை அவன் செய்யவில்லை. விடை தெரிந்தவனுக்குச் சோதனை எதற்கு?

மீட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பேட்டரிதான் சார். இறங்கியிருக்கு."

பெரியவர் தலையசைத்தார். ஒரு தடவை, ரொம்ப மெதுவாக. "அப்போ நான்தான்," என்றார். எழுந்தவரின் கால் இடறியது. "வாங்க சார், எதிர்ல ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்," என்று பெயிண்டர் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

மெக்கானிக் தனியானான். பொய்யைச் சொல்லியாயிற்று, இனி அதை உண்மையாக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்து பெஞ்சில் வைத்தான். பெரிய பல்பு ஒன்றை மாட்டிவிட்டால் காலைக்குள் செத்துவிடும். அப்புறம் எவன் வந்து பார்த்தாலும் பேட்டரிதான்.

பல்பைத் தேடி அலமாரிப் பக்கம் திரும்பினான்.

எதிர்ச் சுவர் வெளுத்தது.

அலமாரியும், அதில் தொங்கிய ஸ்பானர்களும், நடுவில் அவன் நிழலும் சுவரில் விழுந்தன. முதுகில் வெளிச்சத்தின் சூடு.

காரின் முன்விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

பேட்டரி பெஞ்சில் இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தான். கம்பிகள் இரண்டும் காருக்குள் எதையும் தொடாமல் தொங்கின.

'டக்.'

லைட் மங்கவில்லை.

கூசும் கண்ணை மறைத்துக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தான். ஓட்டுநர் இருக்கையின் மெத்தை, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் அமுங்கியிருந்தது. சாவி தானாகத் திரும்பியது.

'டக்.'

லைட் மங்கவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. இழுக்கும்போது ஒரு விசில். விடும்போது அதைவிட மெல்லிய ஒரு விசில். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று வழி தேடுகிற சத்தம். ஒவ்வொரு 'டக்'குக்கும் இடையில் அது குறுகிக்கொண்டே போனது.

அவன் கதவைப் பார்த்து ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி, வாய்விட்டுக் கத்தவும் முடியவில்லை.

கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தது. காதோரம், கோபமே இல்லாமல், வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில்:

"மங்குதா, தம்பி?"

அவன் விளக்கைப் பார்த்தான்.

'டக்.'

"மங்குதா?"

"இல்ல டீச்சர்," என்றான். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். எப்போது கட்டினான் என்று தெரியவில்லை. "மங்கல."

விளக்கு அணைந்தது. கூரையில் மழை விழுந்தது.

இருவரும் நனைந்துகொண்டே திரும்பிவந்தபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னான். பேட்டரியை, தட்டை, சற்றுமுன் சொன்ன பொய்யை. பெயிண்டர் இருக்கிறாரே என்று பார்க்கவில்லை. பெயிண்டர்தான் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரியவர் அவனைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நீங்க எல்லாரும் சிரிச்சதைச் சாப்பிடும்போது சொன்னா," என்றார் அவர். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியலபோலன்னு சொல்லிட்டு அவளும் சிரிச்சா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதிடுங்க. நீங்களே தபால்ல போட்டுடுங்க. என் கையால வந்தா என் பொண்ணு பிரிக்கமாட்டா." முகவரியை ஒரு சீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, வெயில் ஏறியபின், பட்டறை மேசையில் உட்கார்ந்து எழுதினான். முதலில் தேதி. அடுத்து வண்டியின் விவரம். பிறகு கோளாறு ஸ்டார்ட்டரில்தான், பேட்டரியில் அல்ல, உங்கள் அப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதினான். அது எளிதாக வந்தது. அடுத்த வரிக்குப் பேனா தயங்கியது. கடைசியில், 'அம்மா கோளாறை விவரமாகச் சொல்லாததால் எனக்குப் பிடிபடவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டான்.

கைகழுவிவிட்டு வந்து பார்த்தபோது அந்த வரியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது.

நேர்கோடு. இன்னும் ஈரமாக.

பட்டறையில் சிவப்புப் பேனா கிடையாது.

புதுத் தாள் எடுத்தான். முதலிலிருந்து எழுதினான். அந்த இடம் வந்ததும் நிறுத்தாமல் எழுதினான்: 'உங்கள் அம்மா கோளாறைச் சரியாகச் சொன்னார். எனக்கும் அது தெரியும். நாலு பேர் முன்னால் அவரை வைத்துச் சிரித்தேன். பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன்.' முகம் எரிந்தது. நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தான். முகவரியை இரண்டு முறை சரிபார்த்தான்.

பசை பாட்டிலை எடுக்க ஜன்னல் பக்கம் திரும்பினான். மூடி இறுகிப்போயிருந்தது, திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

திரும்பியபோது உறை ஒட்டியிருந்தது.

ஓரத்தில், மடிப்பு நெடுக, யாரோ அழுத்தித் தேய்த்துவிட்ட விரலின் ஈரம். தொட்டான். சூடு ஆறவில்லை.

அவன் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துபோய், தபால்பெட்டியில் போட்டான்.