மேடையில் சொல்லாத வார்த்தை

படகில் ஒரே ஓர் இடம்தான் நனையாமல் இருந்தது. லிகாயாவும் ஓர் இளைஞனும் ஒரே நேரத்தில் அதில் உட்காரப் போய்த் தோளோடு தோள் மோதிக்கொண்டார்கள்.

“பார்த்து வரக் கூடாதா?” என்று சிடுசிடுத்தவன், மறு நொடியே இடத்தை விட்டுவிட்டு மழையில் போய் நின்றான். லிகாயா நன்றி சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால்... ஈரம் சொட்டிய இமைகளுக்குள் எத்தனை அழகான கண்கள்!

பிலிப்பைன்ஸின் குயிமராஸ் தீவில், லிகாயா பாடம் நடத்தும் பள்ளிக்கு வந்திருக்கும் புதுக் கணக்கு ஆசிரியன் அவன்தான், பெயர் ஃபெலிமோன் என்று அன்றே தெரிந்துவிட்டது. அவளுக்குப் பக்கத்து வகுப்பு.

லிகாயா யாரையும் பாராட்டாமல் விடமாட்டாள். கூட்டலைத் தப்பாகப் போட்ட சிறுமி தோழிக்குப் பென்சில் கொடுத்ததைக்கூட வகுப்புக்கே சொல்லி மகிழ்வாள்.

“இப்படிப் புகழ்ந்தா பிள்ளைங்க உருப்படுமா மேம்?”

“உங்களை யாரும் புகழ்ந்ததே இல்லையா சார்?”

உண்மையில் ஃபெலிமோனை யாரும் புகழ்ந்ததில்லை. நல்ல வார்த்தை பேசினால் மதிப்புக் குறையும் என்று நினைக்கும் வீட்டில் வளர்ந்தவன் அவன். அவன் காய்ச்சலில் கிடந்தபோது அவன் வகுப்பையும் அவளே பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் காத்திருந்தாள்... எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பவளுக்கு அவனிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை போதும்.

ஆசிரியர் தினத்தில், ஒவ்வொருவரும் மேடையேறி ஒரு சக ஆசிரியரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றார் தலைமையாசிரியை. ஃபெலிமோனுக்குச் சீட்டில் லிகாயாவின் பெயர் வந்தது. அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

“வேலையை ஒழுங்கா செய்வாங்க” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்... வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தாள். தைவானில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அக்கா வெகு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இனி இங்கே யாருக்காக இருக்க வேண்டும்? வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் புறப்பட்ட காலையில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்த ஃபெலிமோனுக்குத் தாங்கவில்லை. படகுத்துறைக்கு ஓடினான்.

“அன்னிக்கு மேடையில நிறைய சொல்ல நினைச்சேன் லிகாயா...” அவனுக்கு மூச்சு வாங்கியது. “ஆனா வாயைத் திறந்திருந்தா, உங்களை எனக்குப் பிடிச்சிருக்குன்னுதான் வந்திருக்கும். பயந்துட்டேன்.”

அவள் கண்கள் நிறைந்தன.

“எனக்கும் பிடிக்கும் சார். அதனாலதான் போறேன். மூணு வருஷத்துக்குக் கையெழுத்தும் போட்டுட்டேன்.”

“காத்திருக்கட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சரி என்று சொல்லத் தைரியமும் இல்லை. படகு நகர்ந்தது. முட்டளவு தண்ணீர்வரை இறங்கிவிட்டவன், அதற்கு மேல் போக முடியாமல் நின்றான்.