ஆதரவு முடிந்த குரல்

அடுப்பில் பால் பொங்கிவரும் நேரத்தில் அறைக்குள்ளிருந்து கணவரின் குரல் கேட்டது. "இந்தக் கணினிக்கான ஆதரவு இந்த மாதத்துடன் முடிகிறது."

அவள் கரண்டியும் கையுமாக ஓடினாள். திரையின் மூலையில் ஒரு நீலக் கட்டம். அதிலிருந்த வாசகத்தைத்தான் கம்ப்யூட்டர் அவர் குரலில் படித்திருக்கிறது. அவர் எழுதுவதை மட்டுமே பேச வேண்டிய மென்பொருள் அது. ஒருநாளும் தானாக வாய் திறந்ததில்லை. கட்டிலில் கிடந்த அவரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏலக்காரர். உங்களுக்கு எதற்கய்யா மைக் என்று சந்தையே அவரைக் கிண்டல் செய்யும். தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, அடுத்து நாக்கும் ஓய்ந்துவிடும் என்று மருத்துவர் சொன்னபோது, இருந்த குரலை அள்ளிப் பதிவு செய்து இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது இமைகளும் வலது கையில் ஒரு விரலும்தான். விரலுக்கு அடியில் ஒரு பொத்தான். திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது அழுத்துவார். தண்ணீர் கேட்பதற்குள் தாகமே அடங்கிவிடும். ஆனாலும் அது அவர் குரல். அவளுக்கு அது போதும்.

கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இனிமே இதுக்கு எந்தப் பாதுகாப்பும் வராது. புதுசு போட்டுடலாம். ஆனா அதுல இந்தக் குரல் ஓடாது. இதைச் செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க."

"அப்ப அவரு எப்படிப் பேசுவாரு?"

"வேற குரல்ல பேசுவாரு. பழசுதான் வேணும்னா நெட்டைப் பிடுங்கிட்டு வச்சுக்குங்க. வெளியில இருந்து எதுவும் உள்ள வராது."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குரல் அவருடையது, முடிவும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? கட்டிலருகே குனிந்து கேட்டாள். "என்னங்க, புதுசு போட்டுடலாமா? இதையே வச்சுக்கலாமா?"

"இதையே வச்சுக்கலாம்," என்றது அவர் குரல்.

அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. நெட் வயரைத் தானே பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். அத்தனை எழுத்துகளை அவர் எப்படி அவ்வளவு சீக்கிரம் அழுத்தினார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதன்பின் அவர் நிறையப் பேசினார். நீ ரொம்பக் கஷ்டப்படுற, கொஞ்சம் உட்காரு என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை. அவள் உருகிப்போனாள்.

ஒரு சாயங்காலம், விளக்குப் போடாத அறையில், சூடேறிய தூசியின் வாடை கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பிப் போர்வையிலும் தலையணையிலும் படிந்துகொண்டிருக்க, உள்ளே சுழலும் சின்ன விசிறியின் இரைச்சல், பேசப்போகிறவர் மூச்சை உள்ளே இழுப்பதுபோல் ஏறி ஏறி இறங்க, அவள் பொத்தானை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, ஈரத்துணியால் அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நல்லா தூங்கினேன்."

துணி நின்றது. விரல் அவள் உள்ளங்கையில் இருந்தது. பொத்தான் மேஜையில்.

"என்னங்க... இப்பப் பேசினது நீங்களா?"

"நான்தான். வேற யாரு?"

அவள் திரையின் பக்கம் திரும்பவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். "நீங்கதான்னா... கண்ணை மூடுங்க."

அவர் மூடவில்லை. கண்கள் சிவந்தன. நீர் கோத்தது. மூடவில்லை.

எத்தனை நாளாக? அன்று, "இதையே வச்சுக்கலாம்" என்று சொன்னது யார்? திருடிய வாயிடமே தீர்ப்புக் கேட்டிருக்கிறாள். அவர் உள்ளே கிடந்து கத்தியிருப்பார். அவள் தன் கையாலேயே கதவைச் சாத்தியிருக்கிறாள்.

போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் மகள். எடுக்கும்போது அவள் விரல் ஸ்பீக்கரில் பட்டது.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. அம்மாதான் சரியா தூங்குறதே இல்ல. ஏதேதோ பேசுறா."

"அது உங்கப்பா இல்லடி!" அவள் அலறினாள். "இது அவரு இல்ல!"

மகள் தணிந்த குரலில் சொன்னாள். "நீ இப்படித்தான் சொல்லுவேன்னு அப்பா நேத்தே சொன்னாரும்மா."

அவள் பாய்ந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. விசிறி நின்றது. இருட்டு.

"கரண்ட் போச்சும்மா, அவ்வளவுதான்," என்றது இருட்டு. "புதுசு எதுவும் வாங்கி அனுப்பிடாத. எனக்கு இதுவே நல்லா இருக்கு."

சிரித்தது.

அவர்கள் பதிவு செய்ததில் சிரிப்பே கிடையாது. நெஞ்சு குலுங்கக் குலுங்க, நிறுத்தாமல் அது சிரித்தது. போனுக்குள் மகளும் நிம்மதியாகச் சிரித்தாள். கட்டிலில் அவர் கண்கள் திறந்தே கிடந்தன. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அந்த ஒற்றை விரல் வெறும் போர்வையை அழுத்திக்கொண்டே இருந்தது.